ஜோடிச் சாவி

"சாவி உன்கிட்டதானேடி இருந்துச்சு?"

"இருந்துச்சு. அதுக்கு?"

"அதுக்கா? அதுக்குன்னு கேக்கறா பாரு, வாய் கூசாம—"

"அக்கா, நான் சொல்றதை ஒரு நிமிஷம்—"

"என்னத்தைச் சொல்லப்போற? பூட்டு உடையலை. கொண்டி நெளியலை. பூட்டினது பூட்டினபடி தொங்குது, உள்ளே மட்டும் கழுவித் துடைச்சாப்பல காலி. காத்தா வந்து திறந்துச்சு?"

"சீப்பையும் காணோம், பிஞ்ச செருப்பையும் காணோம்னு நீதானே சொன்ன? தங்க வளையலை எடுக்கறவ, பல்லு போன சீப்பை எதுக்கு எடுக்கணும்? எனக்கு என்ன வேண்டுதலா?"

"கண்ணைக் கட்டத்தான்! வெளியாள் வந்து வாரிக்கிட்டுப் போனாப்பல இருக்கணுமில்ல? உன் மூளை எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. உனக்கு என்னைத் தெரியவே தெரியாதுன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது."

ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் கூடம் அது. மடிப்பு மேஜைக்கு இந்தப் பக்கம் பெரியக்கா, அந்தப் பக்கம் நெட்டை. நடுவில் பாதி மடித்த படுக்கை விரிப்பு ஒன்று இருவர் கையிலிருந்தும் நழுவித் தரையில் கிடந்தது. வெளுத்த துணி தரையில் பட்டால் உடனே எடுத்துத் திரும்பத் துவைக்கப் போடவேண்டும் என்பது அங்கே சட்டம். குனிந்து எடுக்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் காது மட்டும்தான் வேலை செய்தது.

பெரியக்காவும் நெட்டையும் சண்டை போட்டு அந்தக் கூடம் பார்த்ததே இல்லை. படுக்கை விரிப்பு ஒற்றை ஆளால் மடிகிற சாமான் இல்லை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, பின்னால் போய், விறைப்பாக ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, கையோடு கை சேர்த்து முனையைக் கொடுத்து வாங்கவேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. அதனால் அங்கே எல்லாருக்கும் ஒரு ஜோடி உண்டு. புருஷன் பெண்டாட்டிகூட இத்தனை தடவை கையைத் தொட்டுக்கொள்ளமாட்டார்கள் என்று இஸ்திரிக்காரி சொல்லிச் சிரிப்பாள். பெரியக்கா குள்ளம், நெட்டையின் உயரம் அவள் பெயரிலேயே இருக்கிறது. மடிப்பு கோணிப்போகாமல் இருக்க பெரியக்கா ஒரு பலகைமேல் ஏறி நிற்பாள். "ஏணியும் முக்காலியும் வேலையை ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் சூப்பர்வைசர் அம்மா காலையில் உள்ளே வருவாள்.

ஜோடி என்றால் மடிப்போடு முடிகிற சமாசாரமும் இல்லை. உடை மாற்றும் அறையில் கதவு கதவாகத் தடுத்த இரண்டு பெரிய இரும்பு அலமாரிகள். ஆளுக்கு ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு இரண்டு சாவி. மேலங்கிப் பையிலிருந்து சாவி நழுவித் துணி மூட்டைக்குள் போய்விட்டால் அது இயந்திரத்துக்குள் போனமாதிரிதான். ஆகவே இரண்டாவது சாவி எப்போதும் ஜோடியிடம் இருக்கும். ஜோடிச் சாவி என்று அதற்குப் பேர். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவள் முதல் நாளே தன் சாவியைக் கழற்றி ஜோடி கையில் கொடுத்துவிடுவாள். தன் வீட்டுச் சாவியை மகனிடம்கூட இரண்டு தடவை யோசித்துக் கொடுக்கிற பெரியக்கா, இந்தச் சாவியை நெட்டையிடம் யோசிக்காமல் கொடுத்திருந்தாள்.

இப்போது காணாமல் போயிருப்பது அவளுடைய வளையல்கூட இல்லை. மருமகளுடையது.

பிரசவத்துக்கு மருமகளை அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். ஆபரேஷன் என்று ஆனதும், உடம்பில் ஒரு குண்டுமணி தங்கம்கூட இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வீங்கிப்போன கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, மருமகள் 'ஆ ஊ' என்று கத்த, இரண்டு வளையலையும் கழற்றினது பெரியக்காதான். சம்பந்தி அம்மா கையை நீட்டினாள்.

"குடுங்க, நான் பையில வெச்சுக்கறேன்."

"எதுக்கு சம்பந்தி அலைய விடறீங்க? நான் இங்கேயே வேலை பாக்கறவ. கீழே என் அலமாரியில பூட்டி வெக்கறேன். பேங்க் லாக்கர் மாதிரி."

அந்தக் கடைசி மூன்று வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சம்பந்திக்கு முன்னால் தனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று காட்டிக்கொள்கிற ஆசை. யாருக்குத்தான் இல்லை?

வளையலைக் கைக்குட்டையில் முடிந்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பேத்தி பிறந்தாள். பெரியக்கா லீவு போட்டுவிட்டு மாடியிலேயே கிடந்தாள். பிறகு மருமகள் வீடு திரும்பி உட்கார்ந்து எழுந்திருக்கும்வரை வீட்டில். அவள் இல்லாத நாட்களில் உடை மாற்றும் அறைக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வேலைக்குத் திரும்பிய காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். வாசனை மூக்கைத் துளைத்தது. சுவர் பச்சை, அலமாரி பச்சை, அலமாரி எண்கள்மேலும் பச்சை, பூட்டுகளில்கூடப் பச்சைச் சொட்டு. எண் போனால் என்ன? ஜன்னல் பக்கத்து அலமாரி, கீழ் வரிசை, கடைசிக் கதவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் கால் அங்கேதான் போய் நிற்கும்.

சாவி முரண்டு பிடித்தது. பெயிண்ட் உள்ளே இறங்கியிருக்கும் என்று சாவியை ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, இப்படியும் அப்படியும் ஆட்டித் திருகினாள். கொக்கி துள்ளித் திறந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த வெறும் இரும்புத் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு முதலில் தோன்றியது வளையல்கூட இல்லை, சம்பந்தியின் முகம்தான். இரண்டாவதாகத் தோன்றியது நெட்டையின் முகம். அந்த இரண்டு முகத்துக்கும் நடுவே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். நிற்கவில்லை.

"என்ன சத்தம் இங்கே?" சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். "ஏன்மா, சாவி உன்கிட்டதான் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. இப்பவும் இருக்கு."

"அப்போ பையைக் கொஞ்சம் காட்டிடேன். உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

நெட்டை பெரியக்காவைப் பார்த்தாள். 'வேண்டாம்னு சொல்லு' என்று கேட்கிற பார்வை. பெரியக்கா தரையில் கிடந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பை மடிப்பு மேஜைமேல் கவிழ்ந்தது. சுருட்டின ஒரு ரொட்டிப் பொட்டலம். வலிக்குத் தடவுகிற களிம்பு. கைப்பிடி உடைந்த சின்னக் கண்ணாடி. தையல் விட்டுப் போன உள்பாவாடை ஒன்று, ஊசியும் நூலும் குத்தியபடி. பக்கத்திலிருந்தவள் சட்டென்று அதை ஒரு துவாலையால் மூடினாள். கடைசியில் மஞ்சள் நூல்கண்டும், அதில் பாதி பின்னின குழந்தைத் தொப்பியும்.

வளையல் இல்லை.

"பையிலயா வெச்சுக்கிட்டுத் திரிவா?" என்று பெரியக்காவின் வாய் சொல்லிற்று. தொப்பியைக் கண் பார்த்துவிட்டது. வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

நெட்டை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துப் போட்டாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்த விதம் மெதுவாகத்தான் இருந்தது.

"இந்தாங்க உங்க சாவி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் நெட்டை அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மத்தியானம் பெரியக்கா அந்தச் சாவியைத் தன் பூட்டில் போட்டுப் பார்த்தாள். உள்ளே போயிற்று. திரும்பவில்லை. ஆட்டினாள், இழுத்தாள், எச்சில் தொட்டுப் போட்டாள். ம்ஹூம். தன் பழைய சாவியைப் போட்டாள்; கொஞ்சம் ஆட்டினதும் திறந்தது. திரும்ப நெட்டையின் சாவி. கல்லாட்டம் நின்றது.

ஓட்டமாக ஓடிப்போய் சூப்பர்வைசர் அம்மாவின் மேஜைமேல் இரண்டு சாவியையும் போட்டாள்.

"பாருங்கம்மா! சாவியையே மாத்திக் குடுத்திருக்கா. நிஜச் சாவியை எங்கே தலையைச் சுத்தி எறிஞ்சாளோ. திருடாதவ எதுக்கு மாத்தணும்? கேளுங்க!"

"நான் மாத்தலை" என்றாள் நெட்டை. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். பெரியக்கா இரண்டு சாவியையும் திரும்ப எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து நெட்டைக்கு அழுக்குப் பக்கத்தில் வேலை.

அழுக்குப் பக்கம் என்றால், வார்டிலிருந்து வருகிற மூட்டைகளைப் பிரிக்கிற அறை. ரத்தமும் சீழும் வாந்தியும் வந்து இறங்குகிற இடம். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வரக்கூடாது, இந்தப் பக்கத்து ஆள் அங்கே போகக்கூடாது. யாரையாவது தண்டிக்கவேண்டுமென்றால்தான் அங்கே அனுப்புவது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

பெரியக்காவுக்குப் புது ஜோடி கொடுத்தார்கள். வேலை தெரிந்தவள்தான். ஆனாலும் விரிப்பு கோணிற்று. "பலகை வேண்டாமே அக்கா, நானும் உங்க உயரம்தான்" என்றாள் அவள். பெரியக்கா பலகையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

சம்பந்தி தினமும் போன் செய்தாள். "வளையல் போனா போகுது சம்பந்தி, எங்க பொண்ணு உயிரோட வந்தாளே, அது போதும்" என்பாள். கொஞ்சம் நிறுத்தி, "பேங்க் லாக்கர்னு சொன்னீங்களா, அதான் நாங்களும் நிம்மதியா இருந்துட்டோம்" என்பாள். கத்தியைத் துடைத்துத் துடைத்துச் செருகுகிறமாதிரி. பெரியக்கா ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு நெட்டையைத்தான் திட்டிக்கொள்வாள். திட்டுவதற்கு ஆள் இருப்பது ஒரு சௌகரியம்.

இஸ்திரிக்காரி லீவு முடிந்து வந்தாள். வந்தவளுக்கு உடம்பெல்லாம் வாய். கூடத்தில் நுழையும்போதே, "என்னடி, நான் ஊர்ல இல்லைன்னதும் ஆஸ்பத்திரியே பச்சை பிடிச்சுப் போச்சு?" என்றாள். கூட்டிப் பெருக்குகிறவள் சொன்னாள்: "அலமாரி ரெண்டையும் வெளியே இழுத்துப் போட்டு அடிச்சானுங்க. திரும்ப வெக்கும்போது மாத்தி வெச்சுட்டானுங்க. முன்னே கதவு பக்கம் இருந்தது இப்போ ஜன்னல் பக்கம். உன்னது அங்கே தேடு."

பெரியக்கா அப்போது உடை மாற்றும் அறையில், ஜன்னல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து மேலங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. விழுந்ததற்கு அர்த்தம் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. இஸ்திரிக்காரி அவளைத் தாண்டிக் குனிந்து, கீழ் வரிசைக் கடைசிக் கதவில் தொங்கின பூட்டில் தன் சாவியைப் போட்டாள். வெண்ணெயில் விரல் போவதுபோலத் திரும்பிற்று. ஆட்டவில்லை, இழுக்கவில்லை.

"அடியே! யாருடி இது என் அலமாரிக்குள்ள குடித்தனம் பண்றது? டிபன் டப்பா, செருப்பு, தைலம்... வாடகை எங்கே?"

பெரியக்காவின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"அது... என் அலமாரி" என்றாள்.

"உன்னதா? நல்லாப் பாருக்கா. என் பூட்டு. இதோ, பின்னால ஆணியால நான் கீறின கீறல். பெயிண்ட் அடிக்கறாங்க, சாமானை எடுத்துக்குங்கன்னு சொன்னப்போ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, காலி அலமாரியைப் பூட்டிட்டுத்தான் ஊருக்குப் போனேன்."

"என் சாவி திறக்குதே."

"எங்கே திற?"

பெரியக்கா சாவியைப் போட்டாள். ஒரு நூல் இழுத்தாள். ஆட்டினாள். திறந்தது. இஸ்திரிக்காரி இரண்டு சாவியையும் பிடுங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அட கஷ்டமே. ஒரே அச்சுக்கா. இந்த ஒரு பல்லுதான் வித்தியாசம். அதுவும் உன்னது தேஞ்சு மழுங்கிக் கிடக்கு. மூட்டை முடிச்சு அவிழ்க்கறதுக்கு, சோப்பு டின் நெம்பறதுக்கு, எல்லாத்துக்கும் இந்தச் சாவிதானே உனக்கு? பல்லு தேஞ்சு போய் எந்த ஓட்டையில போட்டாலும் சரிங்குது. நல்ல பூட்டுன்னா 'நீ யாரு'ன்னு கேட்டிருக்கும். இது மயில்றெக்கை கனம்கூட இல்லை. உள்ளே ரெண்டு மூணு ஊசி, அதுவும் லொடலொடன்னு. ஸ்டோர்காரர் பெட்டியோட வாங்கிட்டு வந்த அழகு இது!"

பெரியக்கா காதில் இது எதுவும் முழுசாக ஏறவில்லை. அவள் எழுந்து எதிர்ப் பக்கம் நடந்தாள். கதவு பக்கத்து அலமாரி. கீழ் வரிசை. கடைசிக் கதவு. அங்கே தொங்கின பூட்டில், இடுப்பிலிருந்து எடுத்த நெட்டையின் சாவியைப் போட்டாள். ஒரு நாளும் மூட்டை அவிழ்க்காத, டின் நெம்பாத, பல் மழுங்காத சாவி. அந்தப் பூட்டுக்கென்றே செய்த சாவி.

ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பிற்று.

பல்லுப் போன சீப்பு. பிய்ந்த செருப்பு. அதற்குப் பின்னால் முடிந்து வைத்த கைக்குட்டை. அவிழ்க்காமலே தொட்டுப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. வைத்த இடத்தில் வைத்தபடி, யார்மேலும் ஒரு குற்றமும் சொல்லாமல் இருந்தன.

"கிடைச்சுதா?" இஸ்திரிக்காரி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கதை முழுக்கத் தெரியாது, பாதி தெரிந்திருந்தது. மீதிப் பாதி பெரியக்காவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "அப்போ நெட்டை..."

"பேசாதே" என்றாள் பெரியக்கா. "கொஞ்சம் பேசாம இரு."

அந்த நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் அம்மா உள்ளே வந்தாள்.

"என்ன, வேலை ஆரம்பிக்கற நேரத்துல... அட! அந்த முடிச்சுல வளையலா? எங்கே இருந்துச்சு?"

"உள்ளே... உள்ளேயே இருந்துச்சும்மா."

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே. அழுக்குப் பக்கம் அனுப்பினதும் பயந்துபோய்க் கொண்டாந்து போட்டுட்டா. போலீஸு கீலீஸுன்னு போகாம இருந்தது நல்லதாப் போச்சு. என்ன, சரிதானே?"

பெரியக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் எத்தனையோ வார்த்தை இருந்தது. வெளியே வந்தது ஒன்றே ஒன்று.

"ம்."

சூப்பர்வைசர் அம்மா திருப்தியாகப் போய்விட்டாள். அறையில் இருவர்தான் மிச்சம். பெயிண்ட் வாசனை இன்னும் போயிருக்கவில்லை.

"அந்த 'ம்'முக்கு என்னக்கா அர்த்தம்?" என்றாள் இஸ்திரிக்காரி.

பெரியக்கா கைக்குட்டையை இடுப்பில் செருகினாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்லை. அது என் வேலையும் இல்லை. ஆனா ஒண்ணு. உன் சாவி என் பூட்டைத் திறக்குது. நாளைக்கு என் அலமாரியில ஏதாவது காணோம்னு வெச்சுக்கோ. 'இவளாத்தான் இருக்கும், சரிதானே'ன்னு அந்தம்மா கேட்டா, நானும் 'ம்'னு சொல்லட்டுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாது. பெரியக்காவுக்குக் காது மடல் கொதித்தது.

சம்பந்திக்குப் போன் செய்யலாம் என்று விரல் போனது. 'எங்கே இருந்துச்சு?' என்று கேட்பாள். விரல் திரும்பி வந்தது. வளையல் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தாள்! வளையல் காணாமல் போயிருந்தபோது தலை நிமிர்ந்து நடந்தவள், அது கிடைத்த அன்று விரிப்பின் முனையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். புது ஜோடி ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. கைகள் நடுவில் வந்து தொடும்போதெல்லாம், 'இவளுக்குத் தெரிஞ்சா இந்தக் கையை இப்படி நீட்டுவாளா' என்று இருந்தது.

டீ வந்தது. எல்லாரும் துணி மூட்டைமேல் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்தார்கள். பெரியக்கா தன் டம்ளரைத் தொடவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். ஏன் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே நின்றால் சொல்லமாட்டோம் என்று பட்டிருக்கலாம்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் அலமாரிப் பக்கம் வாங்க."

"என்னக்கா, வளையல் கிடைச்சதுக்கு விருந்தா?"

"வாங்கன்னா வாங்க. சூப்பர்வைசரம்மா, நீங்களும்."

அறை கொள்ளாமல் நின்றார்கள். பெரியக்கா தன் தேய்ந்த சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என் சாவி. இது இஸ்திரிக்காரி பூட்டு. பாத்துக்குங்க."

ஆட்டினாள். திறந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். பக்கத்துப் பூட்டில் போட்டாள், திறக்கவில்லை. அதற்கடுத்ததில் போட்டாள், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது. அது கூட்டிப் பெருக்குகிறவளுடையது. "என் குடை உள்ளே இருக்குடி!" என்று அவள் கூவ, எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் தடுக்க முடியவில்லை. ஆளாளுக்குத் தன் சாவியை எடுத்து அடுத்தவள் பூட்டில் போட ஆரம்பித்தார்கள். "ஏய், திறக்குதுடி!" "என்னது திறக்கலையே, நான் கொடுத்து வெச்சவ." "இங்கே பாரு, ஹேர்பின்னுக்கே திறக்குது!" சந்தைக்கடை மாதிரி ஒரே கலகலப்பு.

அந்தக் கலகலப்பு எப்படி நின்றது என்றால், ஒருத்தி ஒருத்தியாக நின்றது. ஓரத்தில் நின்ற ஒருத்தி, கையில் சாவியோடு, தன் ஜோடியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ போன மழைக்கு என் கைக்கடிகாரம் காணாம போச்சே..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. ஜோடி வேறு பக்கம் பார்த்தாள். அடுத்து இன்னொருத்தி தன் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் சாவிச் சத்தம்கூட இல்லை.

"வளையல் திருட்டே போகலை" என்றாள் பெரியக்கா. "அலமாரியை மாத்தி வெச்சிருந்தாங்க. நான் இஸ்திரிக்காரி அலமாரியைத் திறந்துட்டு என்னதுன்னு நினைச்சேன். சாவி திறந்துச்சு, அதனால என்னதுன்னு நினைச்சேன். என் அலமாரி இந்தப் பக்கம் பூட்டினபடியே இருந்துச்சு. நெட்டை குடுத்ததுதான் நிஜச் சாவி. அவ மாத்தலை."

"காலையில நீங்க 'ம்'னீங்களே?" சூப்பர்வைசர் அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். அப்பவே எனக்குத் தெரியும்."

அதைச் சொன்னபோதுதான் எல்லாரும் நிஜமாக அவளைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் தவறு செய்தவளைப் பார்த்த பார்வை. இப்போது வேறு பார்வை. கூசிற்று. உடம்பு இன்னும் ஒரு சாண் குறைந்துபோனமாதிரி இருந்தது.

"சரி விடுங்க, பூட்டு மட்டமான பூட்டு. ஸ்டோர்ல சொல்லி மாத்திடலாம்" என்றாள் சூப்பர்வைசர் அம்மா.

"பூட்டு மட்டம்தாம்மா. ஆனா அவ பையைக் கொட்டச் சொல்லி பூட்டு கேக்கலையே."

சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பையைக் காட்டச் சொன்னது அவள்தான். அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்கும். "நெட்டையைத் திரும்ப இந்தப் பக்கம் வரச் சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

"நீங்க சொன்னீங்கன்னு சொல்லமாட்டேன்" என்றாள் பெரியக்கா. "நான் போய்ச் சொல்றேன்."

அழுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. நெட்டை முழங்கால் வரை பூட்ஸும், கையுறையும், வாய்க்கட்டுமாக ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அந்த உயரம் இல்லாவிட்டால் அடையாளம் தெரிந்திருக்காது. வார்டுத் துணி ஒரு குவியல், ஆபரேஷன் துணி ஒரு குவியல் என்று கை தானாகப் பிரித்துப் போட்டது.

"கோட்டைத் தாண்டாதீங்க" என்றாள், திரும்பாமலே. "சுத்தப் பக்கத்து ஆளுங்க இங்கே வரக்கூடாது."

பெரியக்கா கோட்டின் விளிம்பில் நின்றாள்.

"நெட்டை..."

"குழந்தை எப்படி இருக்கு?"

இதைப் பெரியக்கா எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், வெளியே போ என்பாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்து வந்தாள். குழந்தையைக் கேட்டால் என்ன செய்வது?

"நல்லா இருக்கு. பால் குடிக்குது. தூங்குது." தொண்டையைச் செருமினாள். "வளையல் கிடைச்சுடுச்சு. நீ எடுக்கலை. நீ எதுவுமே பண்ணலை. நான்தான்... வேற அலமாரியைத் திறந்துட்டு..."

"தெரியும். இங்கே வரைக்கும் கேட்டுது, நீங்க பேசினது."

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்டி."

"ஆமாங்க. எல்லார் முன்னாலதான் கேட்டீங்க. எல்லார் முன்னால சொல்லிட்டீங்க. சரியாப் போச்சு."

சரியாகப் போகவில்லை என்பது அந்தச் 'சரி'யிலேயே இருந்தது.

"திரும்ப அந்தப் பக்கம் வந்துடு. நான்தான் கூப்பிட வந்திருக்கேன். எனக்கு வேற ஜோடியோட கை ஒத்துவரலை. விரிப்பு எல்லாம் கோணுது."

நெட்டை ஒரு துணியை உதறினாள். ஒற்றை ஆள் உதறல். பழக்கத்தில், உதறினதும் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பார்த்ததைத் தானே கவனித்து, துணியைச் சுருட்டிக் குவியலில் எறிந்தாள்.

"எனக்கு இங்கே பழகிப்போச்சுங்க. இங்கே அலமாரி கிடையாது, பூட்டு கிடையாது. பையைச் சுவர்ல மாட்டினா மாட்டினபடி தொங்குது. யாரும் எதையும் தொடறதில்லை. யாரும் யாரையும் கேக்கறதில்லை."

பெரியக்கா இடுப்பிலிருந்து அந்தச் சாவியை எடுத்தாள். மழுங்காத பற்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் எட்டி நீட்டினாள். கை எட்டவில்லை, குள்ளக் கை. பலகை கூடத்தில் இருந்தது. குனிந்து, மஞ்சள் கோட்டின்மேலேயே சாவியை வைத்தாள். வைத்துவிட்டு நிமிராமல் அப்படியே நின்றாள்.

நெட்டை அடுத்த மூட்டையின் முடிச்சை விரலால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ சாவிக்கும் திறக்கற பூட்டுதான்டி, எனக்குத் தெரியும். ஆனாலும் இது உன்கிட்ட இருந்தாத்தான்... எடுத்துக்கயேன்."